கரடிக் கொழுப்பு மீட்டர்: ஐந்து வருட அனுபவம்

அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் பழுப்புக் கரடிகளைப் பிடித்து அளக்கும் குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். அத்தனை வருடமும் உடல் கொழுப்பைப் பார்க்கப் பயன்படுத்தியது ஒரே மின்தடை மீட்டர். ஜிம்மில் ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் காட்டுகிற மெஷின் இருக்கிறதே, அதே தத்துவம்தான்: தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாக ஓடும்; கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு, தடை கூடும். மயக்க ஊசி போட்ட கரடியைக் குப்புறப் படுக்க வைத்து, மேலுதட்டில் ஒரு ஜோடி, வாலடியில் ஒரு ஜோடி மின்முனை மாட்டி, 800 மைக்ரோஆம்பியர் செலுத்தினால் ஓம் கணக்கில் ஓர் எண் வரும். அதோடு எடையையும் நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கரடிகளுக்கு இந்த முறை பொருந்தும் என்று 1994-இல் காட்டியவர்கள் ஃபார்லி, ராபின்ஸ் என்ற ஆய்வாளர்கள்.

எடை பார்த்தால் போதாதா என்று முதல் வருடம் நானும் நினைத்தேன். போதாது. வசந்தத்தில் மூஸ் என்ற பெரிய மானின் கன்றுகளைத் தின்று ஏறும் எடை பெரும்பாலும் தசை. கோடைக் கடைசியில் சால்மன் தின்று ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பெண் கரடிக்கு அப்படி இல்லை. கோடைத் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும், நவம்பர் வாக்கில்தான் கரு கருப்பையில் பதியும். கொழுப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குட்டி கிடையாது.

இரண்டாம் வருடம் செப்டம்பரில் ஒரு பெண் கரடியை அவசரத்தில் ஈர ரோமத்தோடு அளந்துவிட்டோம். 14 சதவீதம். ஆனால் இடுப்பைத் தடவினால் எலும்பே தட்டுப்படவில்லை, விரல் புதைகிறது. உலர்ந்த தார்ப்பாய்க்கு மாற்றி, துண்டால் துடைத்து மறுபடி அளந்தோம்: 24. ஈரத்தின் வழியாகவும் மின்சாரம் ஓடினால் தடை குறையும், கணக்கில் கரடி மெலிந்துவிடும். அடுத்த வசந்தத்தில் அவளை இரண்டு குட்டிகளோடு பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து மின்முனையைக் கழற்றி மாட்டி மூன்று முறை அளக்காமல் எழுதுவதில்லை.

அப்புறம் டேப். சூத்திரத்தில் நீளம் இருமடியாக வருகிறது. 180 செ.மீ. கரடியை 186 என்று எழுதினால் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 7 சதவீதம் பிசகும். முதுகு வளைந்து கிடந்தால் நேராக்கிவிட்டு அளக்கவும்.

குறைகளும் உண்டு. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. கேபிள் முனை இரண்டு முறை அறுந்தது. வயிறு முட்ட மீன் தின்ற கரடியில் கணக்கு தடுமாறும். கன நீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) செலுத்தி அளக்கும் முறை இருக்கிறது, ஆனால் அது உடல் முழுக்கக் கலக்கும்வரை காத்திருக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் விலங்கைக் கூடுதல் நேரம் அப்படியே வைத்திருக்க எனக்கு மனசு வராது; இதில் சில நிமிடத்தில் வேலை முடிகிறது.

ஒரே கரடியை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அளக்க முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். கூடவே உபரி கேபிள் இரண்டு, நிறையத் துண்டு.