கார்ட்டர் குடும்பமா, ஜிம்மி ராஜர்ஸா: எதிலிருந்து தொடங்கலாம்?

அமெரிக்க கன்ட்ரி இசையின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்க ஆசைப்படுகிறவர் முன்னால் முதலில் வந்து நிற்பவை இரண்டு பெயர்கள்தான்: கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராஜர்ஸ். 1927 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனி போட்ட தற்காலிகப் பதிவுக்கூடத்தில்தான் இரு தரப்பும் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தார்கள். டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவிலான எல்லைக்கோடு அந்த ஊரின் கடைத்தெரு நடுவே போகிறது. அந்தத் தெருவில், முன்பு ஒரு தொப்பிக் கம்பெனி இருந்த கட்டடம்தான் பதிவுக்கூடம். ஒரே இடம், ஒரே வாரம். பாட்டு மட்டும் இரண்டு வேறு உலகம்.

இதற்கு முன்பும் பதிவுகள் உண்டு. 1922இல் எக் ராபர்ட்சன் நியூயார்க்கில் ஃபிடில், அதாவது வயலின், வாசித்துப் பதிவு செய்தார். 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் பாடியதைப் பதிவு செய்தவர் ரால்ஃப் பியர். அந்தப் பாட்டு பியருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனால் தட்டு விற்றுத் தீர்ந்தது. அவையெல்லாம் புனல் மாதிரியான குழலுக்குள் பாடியவை. கத்திப் பாடினால்தான் பதிவுக்கு வைத்த மெழுகுத் தட்டில் பதியும். 1925இல் மைக் வந்த பிறகு மெல்லிய குரலும் கிட்டாரின் தடித்த கம்பிகளும் தெளிவாகப் பதியத் தொடங்கின. பிரிஸ்டலில் மைக் வைத்து உட்கார்ந்திருந்தவரும் அதே பியர்தான். இந்த இரு தரப்புக்குமே அந்த மைக் இல்லாமல் வாழ்வில்லை என்பது என் எண்ணம்.

கார்ட்டர் குடும்பம் என்றால் மூன்று பேர். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சேரா, ஏ.பி.யின் தம்பி மனைவி மேபெல். வர்ஜீனியா மலைக் கிராமம் ஒன்றிலிருந்து மோசமான பாதையில் காரோட்டி வந்தார்கள். சேரா கையில் பால்குடிக் குழந்தை. மேபெலுக்கு 18 வயது, பிரசவத்துக்கு ஒரு மாதம்தான் பாக்கி. இரண்டு நாளில் ஆறு பாட்டு பதிவாயின. சேராவின் குரல் தாழ்ந்த, அழுத்தமான குரல். சோகப் பாட்டில்கூட அழுகை காட்டமாட்டார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். அதனாலேயே வலி கூடுதலாகத் தெரியும்.

மேபெலின் கிட்டாரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அதுவரை பாட்டுக்குப் பின்னால் தாளம் தட்டிக்கொண்டிருந்த கருவி அது. மேபெல் கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, மற்ற விரலால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளத்தையும் கொடுத்தார். ஒரே கை, இரண்டு வேலை. 1928இல் பதிவான ‘வைல்டுவுட் ஃபிளவர்’ பாட்டில் இதை அப்பட்டமாகக் கேட்கலாம். கன்ட்ரியும் ஃபோக்கும் கிட்டாரில் கற்றுக்கொள்ளும் பல பேர் இன்றும் அந்தப் பாட்டை வாசித்துத்தான் விரல் பழகுகிறார்கள்.

ஏ.பி.யின் வேலை பாட்டு சேகரிப்பது. பியர் பாட்டுகளின் உரிமையைப் பதிவு செய்து அதில் சம்பாதித்தவர். ஆகவே யார் பெயரிலும் பதிவாகாத பாட்டு தொடர்ந்து தேவைப்பட்டது. ஏ.பி. மலை மலையாக அலைந்தார். லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் கூடவே போய் மெட்டுகளை மனதில் பிடித்துக்கொண்டு வருவார். அப்படிக் கிடைத்த பழம்பாட்டுகள் பலவற்றில் தட்டில் அச்சானது ஏ.பி.யின் பெயர். ரிடிலுக்கு அன்று உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத குறை.

சரி, ராஜர்ஸ். மிசிசிப்பிக்காரர், ரயில்வேயில் பிரேக்மேன், அதாவது ரயில்பெட்டிகளின் பிரேக்கைக் கவனிக்கும் வேலை பார்த்தவர், காசநோயால் அந்த வேலையை விட்டவர். பிரிஸ்டலுக்கு ஒரு குழுவோடு வந்து, பதிவுக்கு முந்தைய நாள் அவர்களிடமிருந்து பிரிந்து, தனியாகக் கிட்டாரோடு இரண்டே பாட்டு பாடினார். அவை பெரிதாகப் போகவில்லை. அந்த நவம்பரில் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் பதிவான ‘ப்ளூ யோடல்’தான் அவரை நாடறிந்தவராக்கியது. கறுப்பினத்தவரின் ப்ளூஸ் வடிவத்தில் பாடிக்கொண்டே போய், வரி முடிவில் குரலைச் சட்டென்று பொய்க்குரலுக்கு உடைத்து ஏற்றுவது அவர் பாணி. இப்படி ஏற்றுவதுதான் யோடல். நம் ஊரில் ஜே.பி. சந்திரபாபுவின் யோடலிங்கை ரசித்தவர்களுக்கு இந்த ஒலி அந்நியமாகப் படாது.

கார்ட்டர் குடும்பம் ஆட்டோஹார்ப் என்ற தந்திக் கருவி, கிட்டார் என்ற தன் வட்டத்தை விட்டுப் பெரும்பாலும் வெளியே வரவில்லை. ராஜர்ஸோ ஹவாய் கிட்டார், ஜாஸ் வாத்தியங்கள் என்று எதையும் சேர்த்துக்கொண்டார். 1930இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் பாட, ட்ரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். தாளக்கட்டில் ராஜர்ஸ் அவ்வளவு ஒழுங்கானவர் இல்லை, நினைத்த இடத்தில் நீட்டுவார், குறைப்பார். எனக்கு அதுவே பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கதை சொல்வது போல இருக்கும்.

ராஜர்ஸ் பதிவு செய்தவை சுமார் 110 பாட்டுகள், ஆறு ஆண்டுகளுக்குள். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவின்போது பாட்டுக்குப் பாட்டு கட்டிலில் படுத்து ஓய்வெடுத்தார். சில நாட்களில் இறந்துபோனார். வயது 35. கார்ட்டர் குடும்பம் 1941 வரை சுமார் 300 பாட்டுகள் பதிந்தது. சேராவும் ஏ.பி.யும் மணமுறிவு பெற்ற பிறகும் சேர்ந்தே பாடினார்கள்.

‘கன்ட்ரி இசையின் தந்தை’ பட்டம் ராஜர்ஸுக்குத்தான் போயிற்று. நட்சத்திரப் பாடகர் என்ற உருவத்தை அவர் தந்தார், அதனால் அந்தப் பட்டத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் புதிதாகக் கேட்பவருக்கு நான் சொல்வது கார்ட்டர் குடும்பம்தான். கன்ட்ரி பாட்டுக்காரர்கள் இன்றும் பாடும் பாட்டுகளில் எத்தனையோ அவர்கள் சேர்த்துத் தந்தவை. கிட்டாரின் கைவழக்கம் மேபெலுடையது. முதலில் ‘வைல்டுவுட் ஃபிளவர்’. ஒரு தடவை சேராவின் குரலுக்காக, இன்னொரு தடவை கட்டைவிரலுக்காக. அப்புறம் அதே இரவில் ‘ப்ளூ யோடல்’ போடுங்கள். ஹெட்போனில் கேட்டால் இன்னும் நல்லது, தட்டின் கரகரப்பு நாலைந்து விநாடியில் காதுக்குப் பழகிவிடும்.