மதுரையில் சாக்ஸ் மௌத்பீஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆல்டோ சாக்ஸபோனுக்குப் புது மௌத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) வாங்கப் போகிறீர்களா? உங்கள் சாக்ஸையும், அதில் மாட்டித் தினமும் வாசிக்கிற ரீடையும் (ஊதினால் அதிரும் மெல்லிய தகடு) கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் மாட்டித் தரும் ரீடில் ஊதிப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பொருளில் கோளாறு என்று திரும்பக் கொண்டுபோனால், அதை யாரும் உள்ளே எடுத்துப் போக விடாதீர்கள். மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்துக் கடையில் என்னிடம் 14,000 ரூபாய் பறித்தது இப்படித்தான்.

நான் கல்யாணம், கோயில் கொடை என்று தவில் செட்டோடு வாசிக்கிறவன். சாக்ஸோடு வந்த யமஹா 4சி மௌத்பீஸில்தான் இதுவரை ஓட்டினேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரிய மண்டபத்தில் இரண்டு தவில் சேர்ந்து முழங்கும்போது நாதம் கொஞ்சம் கனமாக இருந்தால் நல்லது என்று ரொம்ப நாளாக நினைப்பு. என் வாத்தியார் சொன்னது செல்மர் கம்பெனியின் எஸ்80 மௌத்பீஸ், அதில் சி ஸ்டார் அளவு. காரணமும் சொன்னார். 4சி-யின் நுனி ஓப்பனிங் (மௌத்பீஸ் நுனிக்கும் ரீடுக்கும் நடுவே உள்ள இடைவெளி) 1.60 மி.மீ., சி ஸ்டார் 1.70 மி.மீ. வித்தியாசம் அவ்வளவுதான் என்பதால் இரண்டரை நம்பர் ரீடை மாற்ற வேண்டியதில்லை, உதட்டுப் பிடியும் மாறாது. மேயர் 6 மாதிரி 1.9 மி.மீ.க்கு மேல் திறந்ததை எடுத்தால் சத்தம் கூடும். ஆனால் தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பிடிக்கும்போது சுருதி நழுவாமல் நிறுத்த உதடு படாதபாடு படும். ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கு அந்த நெகிழ்வு வேண்டும். நமக்கு வேறு கணக்கு.

கடையில் பெட்டி, தங்க எழுத்து எல்லாம் கச்சிதமாக இருந்தது. "ஒரிஜினல் பாரிஸ் சரக்குண்ணே, மெட்ராஸ்ல இதவிட ரெண்டாயிரம் கூடச் சொல்லுவான்" என்றார். என் ரீடை எடுத்ததும் தடுத்தார். "பழைய ரீடை வெச்சா புது பீஸு டேமேஜ் ஆயிரும்ணே, நானே போட்டுத் தர்றேன்" என்று அவரே ஒன்றை மாட்டிக் கொடுத்தார். மத்திய ஸ்தாயியில் நாலு சுரம் பிடித்தேன், தங்குதடையில்லாமல் வந்தது. கழற்றும்போதுதான் அந்த ரீடின் நம்பரைப் பார்த்தேன்: ஒன்றரை. அவ்வளவு மெல்லிய ரீட், மேடு பள்ளமான விளிம்பிலும் வளைந்து ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். மட்டமான மௌத்பீஸும் நல்லதுபோலப் பேசும். இதை எனக்குப் பின்னால் விளக்கியது வாத்தியார்தான். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு: 'மௌத்பீஸ் – 1'. கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை.

வீட்டில் என் இரண்டரை ரீடைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. மந்திர ஸ்தாயியில் காற்றுதான் வந்தது, சுரம் வரவில்லை. தார ஸ்தாயி போனால் பிசிறு. ரீட் மாற்றினேன், ரீடைப் பிடித்து இறுக்கும் லிகேச்சரை ஏற்றி இறக்கி முடுக்கினேன், மௌத்பீஸ் செருகும் நெக் கார்க்கில் காற்று கசிகிறதா என்று பார்த்தேன். பழைய 4சி-யை மாட்டினால் எல்லாம் சரியாக வருகிறது. அப்புறம் மௌத்பீஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கார்க் நுழைகிற பக்கத்திலிருந்து உள்ளே பார்த்தேன். அசல் எஸ்80-யின் உள்ளறை சதுரமாக இருக்கும்; அதுதான் அதற்கு அடையாளம். என் கையில் இருந்தது வட்டம். ரீட் மூடும் திறப்பை ஜன்னல் என்போம்; அதன் இரண்டு பக்க விளிம்பில் ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. உள்ளே அச்சு சேர்ந்த கோடு ஒன்று நகத்தில் தட்டியது. அசல் எஸ்80 எபோனைட்டில் செய்தது. எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியது. கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாடை அடிக்கும். இதில் ஒரு வாடையும் இல்லை. வெறும் பிளாஸ்டிக். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாத்தியாருக்கு அனுப்பினேன். இன்றைக்கு என்னிடம் இருக்கிற சாட்சி அந்தப் போட்டோதான்.

திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் கோபப்படவே இல்லை. "ஓப்பனிங் கொஞ்சம் டைட்டா இருக்குண்ணே, நம்ம ஆளு ரெண்டு நிமிஷத்துல சரிபண்ணிருவாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் உப்புத்தாள் உரசும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. ரீட் உட்காரும் தட்டையான இடம் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது. குறுக்கும் நெடுக்கும் கீறல். ஜன்னல் மூலையில் கறுப்புத் தூள். நுனியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மௌத்பீஸை முறையாகத் தேய்க்கிறவர்கள் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டு அளந்து அளந்து தேய்ப்பார்கள். ஒரு மாடலுக்கும் அடுத்த மாடலுக்கும் வித்தியாசமே பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்கிற பொருளில் வெறுங்கையால் உப்புத்தாள் போடுவது ரிப்பேர் ஆகாது.

அடுத்த வார்த்தையிலேயே உள்நோக்கம் தெரிந்துவிட்டது. "கை வெச்ச பீஸு, இனிமே எப்படிண்ணே திருப்பி எடுக்கிறது?" கை வைத்தது அவருடைய ஆள்! மேலூர்ப் பக்கம் பேண்ட் செட்டில் வாசிக்கும் ஒரு தம்பிக்கும் அதே கடையில் அதே ஒன்றரை ரீட், அதே உப்புத்தாள். அவன் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது.

கத்ரி கோபால்நாத் தகப்பனாரிடம் நாதஸ்வரம் படித்தவர். அவர் சாக்ஸைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பிறகு நம் பக்கத்திலும் எத்தனையோ நாதஸ்வர வீட்டுப் பிள்ளைகள் சாக்ஸுக்கு வந்திருக்கிறார்கள். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை வாங்கும்போது வித்வான் நாலைந்தை வாயில் வைத்து ஊதிப் பார்த்து, பிடிக்காததைத் தள்ளிவிடுவார். யாரும் முகம் சுளிப்பதில்லை. மௌத்பீஸுக்கு மட்டும் 'வாய் வெச்சா வாங்கணும்' என்பது என்ன நியாயம்? வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்தால் முடிந்தது. (கொதிக்கிற தண்ணீர் மட்டும் கூடாது, எபோனைட் நிறம் மங்கிப் பழுப்படித்துவிடும்.)

கடையிலேயே இன்னொன்றும் செய்து பார்க்கலாம். உங்கள் ரீடை நனைத்து மாட்டுங்கள். மௌத்பீஸின் பின்துளையை உள்ளங்கையால் இறுக்க மூடி, நுனிப்பக்கம் காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீட் ஒரு கணம் ஒட்டி நின்று 'டப்'பென்று விட்டால் விளிம்பு சமம். ஒட்டவே இல்லையென்றால் ரீடைச் சரியாக வைத்து இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் ஒட்டாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற போர்டைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதும், பழுதான பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நான் போட்டோ, துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது மூன்றையும் வைத்து மனு எழுதிவிட்டேன். மேலூர்த் தம்பியும் கொடுக்கிறான்.

அந்த வட்டாரத்தில் நீங்களும் எஸ்80 என்று வாங்கியிருந்தால் இன்றைக்கே பின்பக்கமாக உள்ளே பாருங்கள். வட்டமாக இருந்தால், கடைக்கு எடுத்துப் போகும் முன் போட்டோ எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மனுவை எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.