சுறாக் கூண்டுச் சாமான்கள்: சுங்கை சிப்புட் ஈரக்காற்றில் ஐந்து ஆண்டுகள்

சுறாவைப் பக்கத்தில் பார்க்கக் கடலில் இறக்கும் கூண்டுக்குள் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த வெட்சூட் வாங்கலாம்?” என்றுதான். குளிர்க் கடலில் போடும் அந்த நுரை ரப்பர் உடையை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் பதில். 7 மில்லிமீட்டர் சூட் இரண்டு, மாஸ்க் நான்கு, தலையை மூடும் ஹூட், கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் கடைவீட்டு மாடியில் பொதுவில் வைத்து ஐந்து ஆண்டு புழங்கிய பிறகு சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாயிலும் தென் ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளிலும் இந்தச் சாமான் தண்ணீருக்குள் இருந்த நேரத்தைக் கூட்டினால் இரண்டு நாள் தேறாது. மீதி நாளெல்லாம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டதும் இங்கேதான்.

ரப்பர் ஷீட்டை நேர் வெயிலில் விட்டால் பிசுபிசுத்துப் போகும் என்று பால் வெட்டிய குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெட்சூட் தைக்கும் நியோப்ரீன் பால்மரத்து ரப்பர் இல்லை. 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் உருவான செயற்கை ரப்பர். வெயிலை நம் ரப்பரைவிட அதிகம் தாங்கும். ஆனால் வெட்சூட்டில் இருப்பது அதன் நுரை. ஒன்றோடொன்று சேராத கோடிக்கணக்கான வாயுக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. வெயில் பட்டால் நுரை இறுகும், மடித்து வைத்தால் மடிப்பில் குமிழிகள் நசுங்கும். நசுங்கிய குமிழி திரும்ப எழாது.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். முதுகுப் பக்கத்தைக் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி விடுங்கள்; பள்ளம் உடனே நிரம்பும். அடுத்து முழங்கையில் அழுத்துங்கள். எங்கள் பழைய சூட்டில் விரல் பதிந்த குழி, மெதுவடை மாவில் குத்திய மாதிரி அப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறது. பார்வைக்குப் புதுசு போல இருந்தாலும் அந்த இடம் இனிக் குளிரைத் தாங்காது. கான்ஸ்பாயின் குளிர்காலத் தண்ணீர் 12 முதல் 16 பாகைதான் இருக்கும். தேய்ந்த முழங்கையும் தொளதொளத்த கழுத்தும் இருந்தால் இருபது நிமிடத்தில் பல் கிட்டிவிடும்.

அந்த சூட்டை இங்கே பழகப் பயன்படுத்தலாம் என்ற கணக்கும் பலிக்காது. பெர்ஹெந்தியான், ரெடாங் கடலெல்லாம் 28, 30 பாகை. 7 மில்லிமீட்டரைப் போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்தாலே மயக்கம் வரும். கூண்டுப் படகுக்காரர்களோ எல்லா அளவிலும் சூட் வைத்திருக்கிறார்கள், கட்டணத்தில் அதுவும் பெரும்பாலும் அடக்கம். அங்கே எடுக்கும்போது தடிமனைவிடப் பொருத்தத்தைப் பாருங்கள். இடுப்புக்குப் பின்னால் துணியைக் கொத்தாகப் பிடிக்க முடிந்தால் பெரியது. ஒவ்வொரு அலைக்கும் அங்கே புதுத் தண்ணீர் புகுந்து, உடம்பு சூடாக்கிய தண்ணீரை வெளியே தள்ளும். ஒரு அளவு குறைத்துக் கேளுங்கள்.

சொந்தமாக வாங்க வேண்டியவை மாஸ்க், ஹூட், கையுறை, பூட்ஸ். நான்கும் ஒரு சின்னப் பைக்குள் அடங்கும். காசைப் போட வேண்டியது மாஸ்க்கில். கடையிலேயே வாரைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள்; கையை எடுத்தாலும் விழக்கூடாது. மீசை இருந்தால் மூக்குக்கு நேர் கீழே ஒரு விரல்கடை மழித்தால்தான் மாஸ்க்கின் சிலிக்கோன் ஓரம் ஒட்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்த நெற்றியில் அது வழுக்கும், அந்த எண்ணெய் ஹூட்டின் உள்துணியில் ஏறினால் நாற்றம் பிறகு போகவே போகாது. முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள். நீளமுடி உள்ள பெண்கள் கொண்டை போட்டால் ஹூட் ஏறாது. பிடரியில் தாழப் பின்னி சூட்டுக்குள் விட்டுவிடலாம். ஹூட்டின் ஓரம் மாஸ்க் விளிம்புக்கு அடியில் சிக்கக்கூடாது. ஒரு நூலளவு சிக்கினாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மாஸ்க் சரியில்லை என்று வரும் புகாரில் பாதிக்கு இதுதான் காரணம்.

புதுக் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும், மூன்று முறையாவது. லைட்டரால் பொசுக்கச் சொல்பவர்கள் உண்டு. சிலிக்கோன் கருகும், செய்யாதீர்கள். இறங்குவதற்கு முன் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தடவி அலசினால் போதும். மேலே வரும் இடைவெளியில் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றாதீர்கள், நெற்றியின் வெப்பத்தில் ஆவி பிடிக்கும். கழுத்துக்கு இறக்குங்கள்.

கையுறை 3 மில்லிமீட்டர் போதும். 5 போட்டால் கேமராப் பொத்தான் விரலுக்குத் தெரியாது. பூட்ஸின் அடிப்பாகம் கெட்டி ரப்பராக இருக்க வேண்டும். கூண்டின் தரை இரும்புக் கம்பி, சாக்ஸ் மாதிரி இருப்பது வழுக்கும். காலில் மாட்டும் நீச்சல் துடுப்புக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டு இடத்திலும் கூண்டு வேலை செய்யும் விதம் வேறு. கான்ஸ்பாயில் படகின் பக்கவாட்டில் கட்டிய துத்தநாகம் பூசிய இரும்புக் கூண்டு. தலை தண்ணீருக்கு மேலே இருக்கும், ‘டவுன்’ என்று குரல் வந்ததும் மூச்சைப் பிடித்து அமிழ வேண்டும். ஸ்நோர்க்கல் என்ற மூச்சுக்குழாய் கம்பியில் இடிக்கும், வேண்டாம். நெப்டியூனில் படகின் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிறது. அங்கே மூச்சைப் பிடிக்கவே கூடாது. அழுத்தக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மீட்டர் எழுந்தாலே நுரையீரல் கிழியலாம். காற்றுக்குழாயின் வளைவு கம்பிக்கு வெளியே தொங்காமல் உள்ளே இழுத்து வையுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானது, மிதக்காமல் இருக்க உடம்பில் கட்டும் ஈய எடை. மேல்மட்டத்தில் நியோப்ரீன் அமுங்காததால் முழு மிதப்பும் அப்படியே இருக்கும்; எடை குறைந்தால் தலை கூண்டின் மூடியில் முட்டும், கால் கம்பிக்கு வெளியே நீளும். இடுப்புப் பட்டையைவிடத் தோளில் மாட்டும் எடைக்கச்சை நல்லது. கொக்கியை ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று இறங்குவதற்கு முன்பே இரண்டு முறை திறந்து பாருங்கள்.

சுறாவின் மூக்கில் நுண்ணிய மின்னுணர் துளைகள் இருக்கின்றன. உப்புநீரில் உலோகம் கசியவிடும் மின்சாரம் அதற்குத் தெரியும், அதனால்தான் இரை பக்கத்திலேயே இருந்தாலும் சில சமயம் கம்பியைக் கடிக்கிறது. கேமராக் குச்சியை வெளியே நீட்டக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. கூண்டின் பார்வை இடைவெளியில் மூக்கு நுழைந்துவிட்டால் அது திமிறிக்கொண்டு முன்னால்தான் வரும். 2016-இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் ஒரு வெள்ளைச் சுறா கூண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உள்ளே இருந்தவர் காயமின்றித் தப்பினார். உள்கம்பியை மட்டும் பிடியுங்கள்.

அந்தத் தீவில் சுறாச் சுற்றுலாவை 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு முழுவதுமாக நிறுத்திவிட்டது. கான்ஸ்பாயிலும் 2017-லிருந்து ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கிலங்கள் வெள்ளைச் சுறாக்களைக் கொன்று ஈரலைத் தின்னத் தொடங்கியதால் அவை அந்தப் பக்கம் வருவது அரிதாகிவிட்டது. இப்போது வருவது பெரும்பாலும் வெண்கலச் சுறா என்ற வேறு இனம். அதுவும் அழகுதான். ஆனால் வெள்ளைச் சுறாதான் வேண்டும் என்றால் நெப்டியூன் தீவுகளுக்குப் படகு கிளம்பும் போர்ட் லிங்கனுக்குப் போங்கள். பழைய படத்தைக் காட்டி முன்பணம் கேட்பவர்களிடம், கடந்த மாதம் எந்தச் சுறா வந்தது என்று கேளுங்கள்.

கேமராவில் மலேசியர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கோப்ரோ உறையை இங்கே, 32 பாகைப் புழுக்கத்தில் மூடினால் அந்த ஈரமும் உள்ளேயே அடைபடும். 14 பாகைத் தண்ணீரில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் லென்ஸுக்கு முன்னால் பனி படர்ந்துவிடும். ஏர்கோன் அறையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அங்கேயே மூடுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் அரை மணி ஊறவிடுங்கள், கொஞ்சம் குழந்தை ஷாம்புவோடு. குளோராக்ஸ், சலவைத்தூள் பக்கமே போகாதீர்கள். சூட் ஏற்கெனவே இருந்தால் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நிழலில் போடுங்கள். கம்பி ஹேங்கர் தோளை வெட்டும். ஹார்ட்வேர் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒரு முழம் வாங்கி, நடுவில் கயிறு கோத்தால் போதும். மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது. கழுத்து வழியாக மேசைக் காற்றாடியைத் திருப்பி வைத்தால் ஒன்றரை நாள். காயாமல் பெட்டியில் வைத்தால் உள்துணியில் கரும்புள்ளி விழும், அது திரும்பப் போகாது. ஜிப்பில் வெள்ளை மெழுகுவர்த்தியை மேலும் கீழும் தேய்த்துப் பாதி திறந்த நிலையில் விடுங்கள். எங்கள் இரண்டாவது சூட்டின் ஜிப், மூடியே கிடந்ததால்தான் பச்சை பிடித்து இறுகியது.