சொந்தக் கொட்டகை ஆணா, மாற்று ஆணா, சினை ஊசியா?

மதுரைப் பக்கம் வெண்பன்றிப் பண்ணை தொடங்குகிறவர்கள் இனத்தைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். யார்க்‌ஷையரா, லேண்ட்ரேஸா, கலப்பா? டவுன் ஓட்டல் மிச்சத்துக்கு யாரிடம் பேசி வைப்பது என்பதுவரை கணக்குப் போட்டுவிடுவார்கள். அடுத்த ஆண் பன்றி எங்கிருந்து வரும் என்பதை மட்டும் யோசிப்பதில்லை. பண்ணை நாலைந்து வருஷம் தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

சொந்தக் கொட்டகையில் பிறந்த ஆணையே வைத்துக்கொள்வது சுலபம். காசு செலவில்லை, வெளி நோய் உள்ளே வராது. சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். பிறந்த பெட்டை எட்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஆக, ஓர் ஆண் முதல் தடவை சேர்ந்து ஒரு வருஷம் ஆகும்போது அதன் மகளே சேர்க்கைக்குத் தயார். ஆணுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகியிருக்காது, நல்ல தெம்பில் இருக்கும். ‘இதையே விடுவோமே’ என்று தோன்றுவது இயல்பு. அப்பன் மகளைச் சேர்ந்தாலும், ஒரே ஈத்து அண்ணன் தங்கை சேர்ந்தாலும் குட்டியின் உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது நெருங்கிய ரத்தம் எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கு, 25 சதவீதம். அப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் 12.5.

இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் ஈத்துக்குப் போடும் குட்டி குறையும், செத்துப் பிறப்பது கூடும். குடலிறக்கமும் ஆசனவாய் இல்லாத குட்டிகளும் தலைகாட்டும். ஆசனவாய் இல்லாத ஆண்குட்டி முதல் நாள் பால் நன்றாகக் குடிக்கும். அப்புறம் வயிறு உப்பத் தொடங்கும். வாலைத் தூக்கிப் பார்த்தால் துளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். பெட்டைக்குட்டிக்குச் சில சமயம் சாணம் பிறப்புறுப்பு வழியே வெளியேறிவிடும். அது பிழைத்து, யார் கண்ணிலும் படாமல் வளர்ந்து, கடைசியில் அதையே தாய்ப்பன்றியாக நிறுத்தியும் விடுவார்கள்.

“என்னிடம் பத்துத் தாய் இருக்கே, போதாதா?” என்றால், போதாது. எல்லாக் குட்டிக்கும் தகப்பன் ஒன்றே என்பதால், ஓர் ஆணும் பத்துத் தாயும் மரபுக் கணக்கில் வெறும் 3.6 விலங்குக்குச் சமம். தாயை இருபதாக்கினாலும் 3.8தான். பத்துத் தாயோடு இன்னோர் ஆணைச் சேர்த்தால் 6.7 ஆகிவிடும். ஓர் இனம் நிலைக்க இந்தக் கணக்கில் குறைந்தது 50 வேண்டும் என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் அளவுகோல். எந்தத் தனிப் பண்ணைக்கும் அது எட்டாது. வெளியே கை நீட்டித்தான் ஆக வேண்டும்.

என் ஓட்டு பண்ணைகளுக்குள் ஆண் மாற்றிக்கொள்வதற்கு. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று மூன்று பேர் பேசி வைத்து, பெட்டைகளை அவரவரே வைத்துக்கொண்டு, ஆண்களை மட்டும் ஒரே திசையில் சுற்ற விடலாம். மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒரே ஈத்துக் குட்டிகளை வாங்கியிருந்தால் இது வீண் வேலை. அண்ணன் போய்த் தம்பி வருவான், அவ்வளவுதான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயமும் உண்டு. 2020இல் வடகிழக்கில் நுழைந்த நோய் அது, முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. வருகிற ஆணை ஒரு மாதம் தள்ளிக் கட்டிவைக்காமல் கூட்டத்தில் விடவே கூடாது.

ஆண் இல்லாமல் விந்தை மட்டும் வாங்கிப் போடும் சினை ஊசியில் நோய்த் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு. பன்றி விந்து மாட்டு விந்துபோல உறைநிலையைத் தாங்காது. 17 டிகிரியில் வைத்துச் சில நாளுக்குள் போட வேண்டும். சித்திரை வெயிலில் வண்டியில் வந்து சேரும் டப்பாவை நான் நம்பமாட்டேன். தாய் அசையாமல் நின்று கொடுக்கும் நேரத்தையும் காலை மாலை பார்த்துப் பிடிக்க வேண்டும். பெயர்பெற்ற ஒரே ஆணின் விந்து வட்டாரம் முழுக்கப் போனால், எல்லாப் பண்ணைக் குட்டிகளும் ஒரு தகப்பன் பிள்ளைகள்.

சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கம் கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணை மாதிரி இடங்களில் வம்ச விவரத்தோடு வாங்கலாம். முக்கால் பங்கு யார்க்‌ஷையரும் கால் பங்கு நாட்டு ரத்தமும் கலந்த கே.பி.எம். கோல்டு என்ற பன்றி அங்கே உருவானதுதான். தூரமும் வண்டிக் கூலியும் கடிக்கும், ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போய் வரலாம். முதல் கலப்புக் குட்டிகளைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால், இரண்டு இனம் கலந்ததால் வந்த கூடுதல் தெம்பு, அதாவது கலப்பு வீரியம், பாதியாகிவிடும். ‘நிறம் வேற வேறதானே’ என்று சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாட்டுக் கருப்புப் பன்றி குட்டியும் குறைவாகப் போடும், எடையும் மெதுவாகத்தான் ஏறும். வியாபாரத்துக்கு நான் சொல்லமாட்டேன். ஆனால் வெயிலுக்கும் கிடைத்த தீனிக்கும் பழகிய ரத்தம் அதில் இருக்கிறது. சொக்கநாதரே தாய்ப்பன்றியாக வந்து 12 குட்டிக்குப் பால் கொடுத்ததாகக் கதை சொல்லும் ஊரில், சுத்தமான ஒரு நாட்டு ஆணைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது!

எந்த வழியில் போனாலும் வாங்கும்போது காது வெட்டு எண் (காதில் வெட்டிப் போட்ட அடையாள எண்), தாய் எண், தகப்பன் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். தராத பண்ணையில் குட்டி எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் கறிக்கு மட்டும் வாங்கலாம்.