பிளீச்சா, குளோரின் மாத்திரையா, பெராக்சைடா? படகின் குடிநீர்த் தொட்டிக்கு எது சரி

தொட்டித் தண்ணீரில் வாடை வந்ததும் பெரும்பாலோர் கை பிளீச் பாட்டிலுக்குத்தான் போகும். ஆனால் சுவரில் வழவழவென்று படிந்த படலத்தை எந்த மருந்தும் முழுதாக ஊடுருவாது. மேலடுக்கைத் தாக்குவதிலேயே குளோரின் தீர்ந்துவிடும். அடியில் தப்பிய கிருமிகள் மறுபடி பெருகும். ஆகவே முதலில் தண்ணீரை வடித்து, மேல்மூடியைத் திறந்து, நைலான் பிரஷால் தேய்த்து, மூலை வண்டலைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எதை ஊற்றுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

குளோரின் வகைகளுக்கு அளவு பொதுவானது: லிட்டருக்கு 50 மில்லிகிராம், 4 மணி நேரம். 100 லிட்டர் தொட்டிக்கு 5 கிராம் குளோரின்.

5 சதவீத பிளீச் என்றால் அது 100 மில்லி, அதாவது லிட்டருக்கு 1 மில்லி. மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் வாசனையோ கெட்டியாக்கும் பொருளோ சேர்த்த துப்புரவு வகைகள் ஆகாது. இதன் பெரிய குறை, வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் குறைந்துகொண்டே போவது. எஞ்சின் அறை அருகே பல மாதம் கிடந்த பாட்டிலில் லேபிள் சொல்லும் 5 சதவீதம் இருக்காது; அளந்து ஊற்றியும் பாதி மருந்துதான் போயிருக்கும். தவிர, பிளீச் காரத்தன்மை கொண்டது. தண்ணீரில் காரம் ஏற ஏறக் குளோரினின் கொல்லும் திறன் குறையும்.

மாத்திரை (சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட்) இந்த இரண்டிலும் முந்துகிறது. ஈரம் படாமல் மூடி வைத்தால் நீண்ட காலம் கெடாது. தண்ணீரின் காரத்தன்மையையும் ஏற்றாது. எடையில் சுமார் 56 சதவீதம் குளோரின் உள்ள தூளானால் 100 லிட்டருக்கு 9 கிராம் போதும். மாத்திரையாக வாங்கினால் அதன் எடையைப் பார்க்காதீர்கள். எவ்வளவு குளோரின் வெளிவிடும் என்று அட்டையில் இருப்பதே கணக்கு. குடிநீருக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும். நீச்சல் குளத்துக்கு விற்பவற்றில் பாசிக்கொல்லி கலந்திருக்கலாம்.

பிளீச்சிங் பவுடரைப் படகில் விட்டுவிடலாம். சுண்ணாம்புக் கசடு தங்கும், ஈரக்காற்றில் வீரியம் போகும். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை அதைவிட ஆபத்து: டீசலோ எண்ணெயோ பட்டால் தீப்பிடிக்கும். குளோரின் மாத்திரையோடு கலந்தால் வெடிக்கவும் கூடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடின் கணக்கு வேறு. லிட்டருக்கு 150 மில்லிகிராம், 24 மணி நேரம். 3 சதவீதக் கரைசலில் 100 லிட்டருக்கு அரை லிட்டர். கடைசியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், குளோரின் வாடை இல்லை. ஆனால் படலமும் துருவும் அதை வேலை செய்யவிடாமலே சிதைத்துவிடும், எனவே சுத்தமான தொட்டியைப் பராமரிக்கத்தான் உகந்தது. வாயு வெளியேறக் காற்றுக்குழாய் திறந்தே இருக்கட்டும்.

வினிகரும் சிட்ரிக் அமிலமும் இந்தப் போட்டியிலேயே இல்லை. அவை சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும், கிருமியை நம்பத்தக்க அளவில் கொல்லாது. பிளீச்சோடு சேர்ந்தால் மூடிய கேபினில் குளோரின் வாயு நிரம்பும். படிவு நீக்குவது தனி வேலை. நடுவே நன்றாக அலச வேண்டும்.

பாலித்தீன் தொட்டிக்கு எங்கள் தேர்வு மாத்திரை. பிளீச், புதிதாக வாங்கியதாக இருந்தால் மட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குளோரின் வெல்டிங் ஓரங்களைக் குழி பறிக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். உலோகத் தொட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டுப் பெராக்சைடு போடுங்கள். குளோரின்தான் கையில் இருக்கிறதென்றால் 4 மணி நேரத்துக்கு மேல், அதுவும் இரவு முழுக்க, விடவே கூடாது.

எதைப் போட்டாலும் முறை ஒன்றே. கார்பன் ஃபில்டரைக் கழற்றுங்கள். கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருந்தால் துண்டியுங்கள், அதன் சவ்வைக் குளோரின் அழித்துவிடும். ஹீட்டரை அணையுங்கள். தொட்டியைப் பாதி நிரப்பி, வாளியில் கரைத்த மருந்தை ஊற்றி, காற்றுக்குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை நிரப்புங்கள்; இல்லாவிட்டால் தொட்டியின் கூரை நனையாது. பிறகு சூடு, குளிர் என ஒவ்வொரு குழாயையும் மருந்துத் தண்ணீர் வரும்வரை திறந்து மூடுங்கள். மறந்துபோவது பெரும்பாலும் பின்தளத்து ஷவரும் கால் பம்பும்.

குளோரின் மிகுந்தால், அதன் அளவைக் காட்டும் சோதனைப் பட்டை வெளுத்து, ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும். 1 பங்கு தொட்டித் தண்ணீரை 9 பங்கு குளோரின் இல்லாத தண்ணீரோடு கலந்து பாருங்கள். 5 காட்டினால் தொட்டியில் 50. நாலு மணி நேரத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் எங்கோ படலம் மிச்சமிருக்கிறது; மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

வடிக்கும்முன் குளோரினை முறியுங்கள், துறைமுக மீன்களுக்கு அது விஷம். 1 கிராம் குளோரினுக்கு 2.5 கிராம் அஸ்கார்பிக் அமிலம், அதாவது 100 லிட்டருக்கு ஏறக்குறைய 13 கிராம். பின் இரண்டு மூன்று முறை நிரப்பி அலசுங்கள். குடிக்கும் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அன்றாடம் 0.2 முதல் 0.5 வரை போதும்.

இத்தனைக்குப் பிறகும் பிளாஸ்டிக் சுவை வந்தால், அது குடிநீருக்கு ஏற்காத ஹோஸின் வேலை. உள்ளே கரும்புள்ளி படிந்த ஹோஸையும் மருந்து காப்பாற்றாது. இரண்டையும் மாற்றிவிடுங்கள்.