முழுக் காசையும் கொடுக்குமுன் பிஎஸ்டி கோப்பைத் திறந்து பாருங்கள்

கொழும்பில் சொந்தக் காசில் பாட்டு வெளியிடும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். பாட்டுத் தொகுப்புக்கு முகப்புப் படம் வடிவமைத்துத் தருவதாக வெள்ளவத்தைப் பக்கம் விளம்பரம் செய்யும் ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார்.

என் தம்பியின் முதல் தொகுப்பு. ஐந்து பாட்டும் அவனே எழுதி மெட்டமைத்தவை. முகப்புக்கென்றே வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கற்களில் அவனை நிற்கவைத்து விடியற்காலையில் படம் எடுத்தோம். அந்தப் படங்களை வைத்தே செய்து தருவதாகப் பேச்சு. கூலி 25,000 ரூபா, பாதி முற்பணம்.

வந்த படம் போனில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. தம்பி நிற்கிறான், பின்னால் பெரிய அலை. ஆனால் அது எங்கள் கடல் இல்லை. கேட்டதற்கு, "அக்கா, நீங்கள் தந்த படத்தில் வெளிச்சம் காணாது, கொஞ்சம் எடிட் பண்ணினேன்" என்றார்.

கணினியில் போட்டு 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரே நுரை, அதே உடைந்த ஓரத்தோடு, மூன்று இடங்களில் இருக்கிறது. வானத்தில் குறுக்கே ஒரு மெல்லிய சாம்பல் கோடு பாதியில் அறுந்து நிற்கிறது. படம் திருத்தும் மென்பொருளான போட்டோஷொப்பில் குளோன் ஸ்டாம்ப் என்று ஒரு கருவி உண்டு. படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தை மூடலாம். எதை மூடியிருக்கிறார் என்பது, ஒரு படத்தைக் கொடுத்தால் அதே படத்தை இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸில் தேடியதும் தெரிந்துவிட்டது. படங்களை விலைக்கு விற்கும் ஒரு தளத்தில் அதே அலை, அதன்மேல் தளத்தின் வாட்டர்மார்க், அதாவது காசு கொடுக்காமல் எடுக்காதபடி பதித்துவைக்கும் குறி. வாங்காமலே எடுத்து, குறியை அழித்து, எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களையும் பாதுகாக்கிறது. படத்துக்கு உரியவர் முறையிட்டால் முதலில் அகப்படுவது தொகுப்பில் பெயர் இருக்கிற என் தம்பிதான்.

சரி, நாங்களே கடலை மாற்றிக்கொள்கிறோம், லேயர்களோடு பிஎஸ்டி கோப்பைத் தாருங்கள் என்றோம். பிஎஸ்டி என்பது போட்டோஷொப்பின் மூலக் கோப்பு; ஆள், கடல், எழுத்து எல்லாவற்றையும் லேயர் எனும் தனித்தனி அடுக்குகளாக அதில் வைத்திருந்து வேண்டியதை மட்டும் மாற்றலாம். அதற்குத் தனியாக 8,000 ரூபா கேட்டார். மிச்சக் காசோடு அதையும் அனுப்பினோம். கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரேயொரு லேயர், பூட்டுப் போட்ட பேக்ரவுண்ட் மட்டும். முன்பு அனுப்பிய ஜேபெக்கையே பிஎஸ்டி என்று சேமித்து விற்றிருக்கிறார். எனக்கு மனம் விட்டுப்போனது இந்த இடத்தில்தான். தெரியாமல் செய்த வேலை என்று இதை யாரும் சொல்ல முடியாது.

அளவும் பொய். ஸ்பொட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்குக்குப் பாட்டு அனுப்பித்தரும் சேவைகள் பொதுவாக 3000-க்கு 3000 பிக்சல் சதுரப் படம் கேட்கும். இவர் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருந்ததால் முகம் கலங்கிக் கிடந்தது. மூலையில் தன் தொலைபேசி இலக்கத்தை வேறு போட்டிருந்தார். அப்படி இலக்கமோ இணைய முகவரியோ இருந்தால் அந்தச் சேவைகள் படத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

தமிழ் எழுத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. தலைப்பில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டியிருந்தன. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் யுனிகோட் தமிழைப் போட்டால் இப்படித்தான் சிதையும். அதை இயக்கச் சில நிமிடம் போதும். தமிழ்ப் பாட்டுக்கு முகப்புச் செய்கிறேன் என்று காசு வாங்குகிறவர் அதைக்கூடப் பார்க்கவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டதும் எங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். வெளியீடு தள்ளிப்போய்விட்டது. இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தங்கச்சி எங்கள் சொந்தப் படத்தை வைத்தே செய்கிறாள். வேலை நடக்கும்போதே லேயர் பட்டியல் தெரியும்படி கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறாள். கடைசித் தவணையை பிஎஸ்டியை எங்கள் கணினியில் திறந்து பார்த்த பிறகு கொடுத்தால் போதும் என்று அவளே சொன்னாள்.

அண்மையில் வெள்ளவத்தைப் பக்கம் யாரிடமாவது முகப்புச் செய்வித்திருந்தால் அதை இன்றே கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறொருவர் படம் என்று தெரிந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அவரோடு நடந்த உரையாடலும் காசு அனுப்பிய பற்றுச்சீட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. முறைப்பாட்டைச் சேர்ந்தே கொடுப்போம்.