கெளுத்தி முட்டை பொரிக்க: ஆண் மீன் காவலா, துடுப்புத் தொட்டியா?

அமெரிக்காவில் மிசிசிப்பி, அலபாமா பண்ணைகளில் வளரும் சேனல் கெளுத்தி, முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிய திரளாக இடும். அதன்பின் காவல் ஆண் மீனுடையது. குளத்தில் போட்டுவைத்த டப்பாவுக்குள் நின்றபடி துடுப்பை வீசி வீசி, திரளுக்குள் நல்ல தண்ணீரைச் செலுத்திக்கொண்டே இருக்கும்.

முட்டையை அதனிடமே விட்டுவிட்டால் செலவு இல்லை. ஆனால் தொந்தரவுபட்டால் ஆண் மீனே முட்டையைத் தின்றுவிடும். பொரித்த குஞ்சுகள் குளத்தில் சிதறி மற்ற மீனுக்கும் பூச்சிக்கும் இரையாகும். எத்தனை தேறின என்ற கணக்கும் கிடைக்காது. சொந்தத் தேவைக்குக் கொஞ்சம் குஞ்சு போதும் என்பவர்களுக்கு மட்டும் இது சரி.

விற்பனைக்கு என்றால் தொட்டிதான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டப்பாக்களைப் பார்த்து, திரளை எடுத்து வலைக்கூடையில் வைத்து, நீளத் தொட்டியில் தொங்கவிடுவார்கள். மோட்டாரில் சுற்றும் துடுப்புகள் தண்ணீரை அசைக்கும். 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரித்துவிடும். இந்த அளவை விட்டு விலகினால்தான் சிக்கல்: குளிர்ந்தால் பஞ்சு போலப் பூஞ்சை படரும், சூடு ஏறினால் பாக்டீரியா அழுகல் வரும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க ஆக்சிஜன் தேவையும் கூடும். தடித்த திரளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வைத்தால் நடுவிலிருக்கும் முட்டைக்கும் மூச்சு கிடைக்கும். அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று கால்சியம். ஆழ்குழாய்த் தண்ணீர் மிக மென்மையாக இருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் முட்டை வீணாகும். கால்சியம் குளோரைடு சேர்த்து, கால்சியம் கடினத்தன்மை 20 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பூஞ்சைக்கு மருந்து? ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) 100 பிபிஎம், தினமும் 15 நிமிடம் என்பது பழகிய வழி. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த ஆவியைத் தினமும் சுவாசிப்பவர் தொட்டியடியில் நிற்கும் தொழிலாளி; ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், ஆனால் அடர்கரைசல் கைத்தோலைப் பொசுக்கும். என் ஓட்டு மயில்துத்தத்துக்கு, அதாவது செம்பு உப்பான காப்பர் சல்பேட்டுக்கு. தண்ணீர் ஓடும் தொட்டியில் நாளுக்கு ஒருமுறை 10 பிபிஎம், விலையும் குறைவு. காரத்தன்மை குறைந்த தண்ணீரில் மட்டும் செம்பின் நஞ்சு தூக்கலாக இருக்கும், அங்கே வேண்டாம். முட்டைக்குள் குஞ்சின் கண் கறுப்பாகத் தெரிந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும்.